ஏவுதலும் மீட்டலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கப் பாடலும் புதுக்கவிதையும் பத்தாண்டுகளாகப் பேசப்பட்டுவந்த இந்த அவையில் சித்திரக்கதைகளைப் பற்றிப் பேச இசைவு தந்தமைக்கு முதற்கண் நன்றி. தலைப்பு அறிவிக்கப்பட்டதும் 'சூப்பர் ஹீரோக்களுக்கு இங்கென்ன வேலை?' என்று சிலர் முகம் சுளித்திருக்கலாம். அவர்களுள் பலர் இளமையில் இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்தவர்களாகவே இருப்பர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்த அந்த மாயாவி, 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். ஒரு கை இழந்து இரும்புக்கை பூண்டவர். மின்சாரம் பாய்ந்தால் அக்கை மட்டும் தெரிய, உடல் மறைந்துபோகும். ஆற்றல் வாய்த்ததும் அவர் முதலில் சென்றது குற்றத்தின் வழியில். நல்வழிக்குத் திரும்பியது பின்னர்தான். ஆனால் அவர் வளர்ந்த மனிதர். அவருக்குப் பள்ளியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அதே 1962இல் அமெரிக்காவில் தோன்றிய சிலந்தி மனிதன் பள்ளி மாணவனாயினும் தன் ஆற்றலைப் பொறுத்தவரை அவனும் ஆசிரியரற்ற ஏகலைவனே. நான் இன்று பேச விழைவது ஆசிரியரும் வகுப்பறையும் உள்ள கதைகளைப் பற்றி. கேளாமலே வந்து சேர்ந்த ஆற்றலைப் பதினான்கு பதினைந்து வயதில் ஆளக் கற்கும் பிள்ளைகளின் கதைகள் அவை.

ஆற்றலை ஆளுதல் என்றவுடன் அதனைப் பெருக்குதல் என்றே நம் மனம் கொள்கிறது. இன்னும் பெரிய பாறையைத் தூக்குதல், இன்னும் தொலைவில் எறிதல். தரம் குறைந்த கதைகள் அவ்வாறே நடக்கின்றன, அவற்றை விட்டுவிடுவோம். தேர்ந்த கதைகளில் முதற்பாடம் வேறு. ஏவியதை மீட்டல், தொடங்கியதை நிறுத்தல் என்பதே அது.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. வான்மீகியின் பாலகாண்டத்தில், பதினாறு நிரம்பாத இராமன் விசுவாமித்திரரிடம் தெய்வப் படைக்கலங்களைப் பெறுகிறான். பெற்ற மகிழ்ச்சியில் அவற்றை எங்கே எய்து பார்க்கலாம் என்று அவன் கேட்கவில்லை. ஏவியவற்றைத் திரும்ப அழைக்கும் முறையையும் கற்பிக்குமாறு வேண்டுகிறான். பாரதத்தின் சௌப்திக பருவத்தில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். அசுவத்தாமனும் அருச்சுனனும் எதிரெதிரே ஒரே படைக்கலத்தை ஏவுகின்றனர். முனிவர்கள் குறுக்கே வந்து நிற்க, அருச்சுனன் தன்னுடையதை மீட்டுக்கொள்கிறான், அசுவத்தாமனால் இயலவில்லை. இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. மகன் பிடிவாதமாகக் கேட்டதால் துரோணர் மனமின்றிக் கொடுத்த படைக்கலம் அது. மீட்கத் தெரியாதவன் ஏவியது கருவிலிருந்த குழந்தையின்மேல் போய் விழுந்தது. என் பார்வையில், பயிற்சிப்பள்ளிக் கதைகள் அனைத்தும் இவ்விரு இளைஞர்க்கும் இடைப்பட்ட தொலைவில்தான் நிகழ்கின்றன. ஆகவே இத்தகைய கதை ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, அதில் வரும் பள்ளி எதனைக் 'கற்றது' என்று கொள்கிறது என்பதையே.

1963இல் ஸ்டான் லீயும் ஓவியர் ஜேக் கிர்பியும் 'எக்ஸ்-மென்' தொடரைத் தொடங்கினர். ஒவ்வொரு நாயகனுக்கும் ஆற்றல் வந்த காரணத்தைப் புதிதாகப் புனைவதில் அலுத்துப்போய், 'பிறவியிலேயே அமைந்தது' என்று வைத்துவிட்டதாக லீ பிற்காலத்தில் கூறியிருக்கிறார். சோம்பலில் பிறந்த அந்த உத்தி பெருவளமுடையதாயிற்று. கதிர்வீச்சு பாய்ந்தோ மருந்து குடித்தோ வந்த ஆற்றலென்றால் பழிக்க ஒரு காரணம் உண்டு. பிறவியாற்றலோ, குரல் உடைவதுபோல, மீசை அரும்புவதுபோல, உடலுக்குள்ளிருந்தே எழுகிறது. பிள்ளை எதைக் கண்டு அஞ்சுகிறதோ அதுவும் அப்பிள்ளையே. இப்படிப்பட்ட ஐவரைச் சேர்த்து நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டரில் பேராசிரியர் சேவியர் பள்ளி நடத்துகிறார்.

அந்த முதல் ஐவருள் ஸ்காட் சம்மர்ஸ் என்பவனை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அவன் கண்களிலிருந்து அழிவுக்கதிர் பாயும். வேண்டும்போது பாய்ந்தால் அது வரம். அவனுக்கோ கண் திறந்திருக்கும் போதெல்லாம் பாய்கிறது. சிறுவயதில் எரியும் விமானத்திலிருந்து தம்பியைத் தாங்கியபடி ஒரே பாராசூட்டில் குதித்தபோது தலையில் பட்ட அடியே காரணம் என்று பிந்தைய கதைகள் விளக்கின. செந்நிறப் படிகக்கல்லால் ஆன கண்ணாடியை அவன் கழற்ற இயலாது. நண்பர்களின் முகத்தையும், தான் விரும்பும் பெண்ணின் முகத்தையும் அவன் செந்நிறத்திலன்றிக் கண்டதில்லை. பள்ளியின் தலைமாணவன், படையின் தலைவன் அவனே; ஆயினும் தன் ஆற்றலை நிறுத்த அறியாதவனும் அவனே. 1981இல் தோன்றிய ரோக் என்னும் பெண்ணின் நிலை இன்னும் கொடிது. அவள் தோல் பிறர் தோலில் பட்டால் அவர்தம் நினைவும் வலிமையும் அவளுக்குள் வந்துவிடும். முதல் முத்தத்திலேயே தன்னை விரும்பிய சிறுவனை நினைவிழக்கச் செய்தவள். பல்லாண்டுகள் கையுறையோடு அவளை நடமாட விட்ட எழுத்தாளர்களைப் பாராட்ட வேண்டும். சில ஆற்றல்கள் எளிதில் வசப்படுவதில்லை. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு நாளும் வகுப்புக்கு வருவதும் ஒரு தேர்ச்சிதான் என்று அக்கதைகள் ஒப்புக்கொள்கின்றன.

ஆனால் அப்பள்ளியின் ஆசிரியரைப் பற்றியும் பேசியாக வேண்டும். நல்லாசிரியர் என்று பெயர்பெற்ற சேவியரின் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவருவோர்க்கு அப்பெயரில் ஐயம் எழாமற் போகாது. முதல் இதழிலேயே, புதிதாகச் சேர்ந்த ஜீன் கிரே தோழர்களின் பெயர்களைத் தெரிந்துகொண்ட சூட்டோடு, ஏவுகணைத் தளமொன்றைக் கைப்பற்றிய காந்த வல்லவன் மேக்னீட்டோவை எதிர்க்க மாணவர்கள் அனுப்பப்படுகின்றனர். பாடம் தொடங்குமுன்பே போர்! அந்த ஜீன் கிரே பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது அவள் தோழி சாலை விபத்தில் சிக்கி அவள் மடியிலேயே உயிர்விட்டாள். பிறர் மனத்தை உணரும் ஆற்றல் அக்கணத்தில் விழித்துக்கொண்டதால், தோழியின் சாவை உள்ளிருந்தே அவளும் அனுபவித்தாள். மருத்துவத்துக்கு வந்த சேவியர் அவ்வாற்றலை அவளுக்குள்ளேயே பூட்டிவைத்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆயினும் பூட்டுதல் வேறு, கற்பித்தல் வேறு. 1980இல் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பைர்னும் படைத்த கதையில் அவள் எல்லையற்ற ஆற்றல் பெற்று, தன்னை மறந்து, ஒரு விண்மீனை விழுங்குகிறாள். அதனைச் சுற்றிய உலகில் ஐந்நூறு கோடி உயிர்கள் மாள்கின்றன. இறுதியில் நிலவின் தரையில், தெளிவு வந்த ஒரு கணத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். தன்னை நிறுத்த அவளுக்கு வேறு வழி கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. பிற்காலத்தார் இக்கதையைப் பலவாறு திருத்தி எழுதினர். அவள் இறக்கவே இல்லை என்றும் எழுதினர். முதலில் எழுதப்பட்டதையே நான் மெய்யெனக் கொள்கிறேன்.

சப்பானிய ஓவியர் கோஹெய் ஹோரிகோஷி 2014 முதல் 2024 வரை வார இதழில் வரைந்த 'மை ஹீரோ அகாடெமியா' இந்த மரபில் வந்து, பள்ளியை இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. அவ்வுலகில் மக்களுள் பெரும்பாலோர்க்கு ஏதோவோர் ஆற்றல் உண்டு. அதனைக் குறிக்க மூலத்தில் வழங்கும் 'கோசெய்' என்னும் சொல் சப்பானியர் அன்றாடம் புழங்கும் சொல்லே. 'தனித்தன்மை' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அது வேறு சொல்லாகி விந்தையை மட்டும் காட்டுகிறது. மூலத்திலோ 'உன் ஆற்றல் என்ன?' என்று கேட்பதும் 'நீ யார்?' என்று கேட்பதும் ஒன்றாகிவிடுகின்றன. கவிஞர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நாயகன் மிதோரியா ஆற்றலின்றிப் பிறந்தவன். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பேராற்றல் ஒன்று அவனுக்குக் கொடையாகக் கிடைக்கிறது. பயன்படுத்திய முதல்நாளே கைகால் எலும்புகள் முறிகின்றன, மறுமுறை விரல்கள். ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் மருத்துவ அறை. கொடுத்த ஆசிரியர் ஆல் மைட் பிறவி வல்லாளர் போன்றவர். தமக்கு எளிதாக வந்ததை மற்றொருவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அறியார். நம் கல்லூரிகளிலும் இத்தகைய பெரும்புலவர்களைக் கண்டிருக்கிறோம். பிறகு மிதோரியா கிரான் டொரினோ என்னும் முதியவரிடம் அனுப்பப்படுகிறான். அவர் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பில் மீன் வடிவப் பணியாரம் சுட வைக்கிறார்கள். தட்டு பெரிதாகையால் அடுப்புக்குள் சுழலவில்லை. பணியாரம் ஓரிடம் கொதித்து ஓரிடம் குளிர்ந்திருக்கிறது. அதைக் கடித்த முதியவர் சினக்கிறார். மிதோரியாவுக்கோ பொறி தட்டுகிறது. ஆற்றல் முழுவதையும் ஒரு கையிலோ ஒரு விரலிலோ கொண்டு குவித்ததே தன் பிழை. உடல் முழுவதும் பரப்பி, நூற்றில் ஐந்து பங்கு மட்டும் எடுத்தால் எலும்பு தாங்கும். இந்தக் காட்சியை நான் பலமுறை படித்திருக்கிறேன். நூறு பங்கும் கையிருப்பில் உள்ளவன் ஐந்து பங்கைக் கண்டடைந்ததற்காகத் துள்ளுகிறான்! அவன் வகுப்பாசிரியர் ஐசாவாவின் ஆற்றலையும் கவனியுங்கள். பிறர் ஆற்றலை நிறுத்துவதே அது. அவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவருடைய ஆற்றல் வேலை செய்யாது. கண் இமைத்தால் தடை நீங்கும். மாணவர்மேல் வைத்த கண் வாங்காத ஆசிரியரை இதைவிட நயமாக எவரும் வரைந்துவிட முடியாது என்று எண்ணுகிறேன்.

அக்கதையின் கனம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், தென்கோ என்பது பெயர். ஐந்து விரலும் பட்டதெல்லாம் பொடியாகும் ஆற்றல் அவனுக்கு ஓரிரவில் விழிக்கிறது. தான் கட்டி அணைத்த நாய் கையில் உதிர்கிறது. பிறகு தமக்கை, பாட்டி, பாட்டன், தாய். அடித்து வளர்த்த தந்தையை மட்டும் அவன் அறிந்தே தொடுகிறான். மறுநாள் குருதி படிந்த முகத்தோடு தெருவில் நடக்கிறான். பார்ப்போர் அனைவரும், வீரர் யாரேனும் வந்து கவனித்துக்கொள்வார் என்று விலகிப் போகின்றனர். வந்து கைகொடுத்தவன் ஒருவனே. அவன் அந்நாட்டின் கொடியோன். அவனும் ஓர் ஆசிரியனே. நிறுத்தக் கற்பிக்காத ஆசிரியன். மிதோரியாவும் தென்கோவும் ஒரே தெருவில் பிறந்திருக்கக்கூடியவர்கள். ஒருவனுக்கு எலும்பு முறிந்தபோது மருத்துவ அறை இருந்தது. மற்றவனுக்குத் தெரு மட்டுமே இருந்தது. வீரர் பலர் இருக்கும் நாட்டில்தான் மற்றவர்கள் கைகட்டி நிற்கப் பழகிவிடுகிறார்கள் என்று ஹோரிகோஷி குற்றஞ்சாட்டுகிறார். சண்டைப் படங்களை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு இவற்றைக் குழந்தை விளையாட்டு என்போர் இப்பக்கங்களில் நிற்பதில்லை.

இனி, இந்த அவைக்கென்றே நான் எடுத்துவைத்திருந்த ஒருவனிடம் வருகிறேன்.

1982இல் சேவியரின் பள்ளிக்கு இரண்டாம் தலைமுறை மாணவர்கள் வந்தனர். கிளேர்மான்ட் எழுத, பாப் மெக்லியோட் வரைந்த 'நியூ மியூட்டன்ட்ஸ்' என்னும் கதை அது. கென்டகி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில், தந்தை இறந்தபின் குடும்பத்தைக் காக்க இறங்கிய சாம் கத்ரி. பறக்கத் தெரியும், திரும்பத் தெரியாது, சுவரில் மோதித்தான் நிற்பான். செயென் பழங்குடிப் பெண் டேனியல் மூன்ஸ்டார்; பிறர் நெஞ்சின் ஆழத்து அச்சத்தை அவர்கள் விரும்பாமலே உருவமாக வெளியே இழுத்துக் காட்டிவிடுவாள், அதனால் தோழரிடையே தலைகுனிந்து நிற்பாள். வியட்நாம், பிரேசில், ஸ்காட்லாந்து என்று பல நிலத்துப் பிள்ளைகள். இவர்களோடு 1984இல் வந்தவன் டக் ராம்சே.

அவன் ஆற்றல் மொழி. எம்மொழியாயினும், பேச்சாயினும் எழுத்தாயினும் கணிப்பொறியின் குறிமொழியாயினும், கேட்ட அளவில், கண்ட அளவில் அவனுக்கு விளங்கிவிடும். வேற்றுலகிலிருந்து அஞ்சி ஓடிவந்த வார்லாக் என்னும் எந்திர உயிர் பள்ளியில் வந்து விழுந்தபோது, பகையோ நட்போ என்று எவருக்கும் தெரியாத நிலையில், அதனோடு பேசத்தான் டக்கை அழைத்து வந்தனர். அவன் பேசினான், அச்சத்தில் பிதற்றிய அவ்வுயிர் தோழனாயிற்று. அவனுக்கு இடப்பட்ட பெயர் சைஃபர். மறைகுறி என்பது அதன் பொருள். பூச்சியம் என்பதும் பொருள். கணக்குப் பாடத்தில் 'சைபர் வாங்கினான்' என்கிறோமே, அதே சொல்தான்.

பள்ளியும் வாசகர்களும் இரண்டாம் பொருளையே கொண்டனர். பள்ளியின் பயிற்சிக்கூடம் இடருக்குப் பெயர் பெற்றது. சுவரிலிருந்து வாளும் நெருப்பும் பாயும். அங்கே மொழியறிந்தவன் என்ன செய்வான்? அத்தொடரைப் பின்னர் எழுதிய லூயிஸ் சைமன்சன், டக்கை வரைய ஓவியர்கள் விரும்பவில்லை என்றும், சண்டை நடக்கும்போது மரத்துக்குப் பின்னே நிற்பதே அவன் வேலையாக இருந்தது என்றும், கொன்றுவிடலாமா என்றே அவர்கள் கேட்டனர் என்றும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1988இல், அறுபதாம் இதழில், தோழி ரானேவைக் குறிவைத்த துப்பாக்கிக் குண்டைத் தன்மேல் ஏற்று அவன் இறந்தான். போரின் பரபரப்பில் அவளுக்கு அது தெரியவுமில்லை. சாவு என்பது விளங்காத வார்லாக், சவப்பெட்டியிலிருந்து நண்பனின் உடலை எடுத்துக்கொண்டு எழுப்பப் பார்த்தது. அவ்வுயிர்க்கு எல்லாச் சொற்களையும் பெயர்த்துச் சொன்னவன், இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்க மிஞ்சவில்லை.

வாளும் நெருப்பும் வைத்து அளக்கும் கூடத்தில் மொழி பூச்சியம்தான். பள்ளி எதனைக் கற்றதாகக் கொள்கிறது என்று கேட்டேனே, அக்கேள்விக்கு டக்கின் சாவு ஒரு விடை. ஆயினும் சித்திரக்கதைகளில் எவரும் நெடுநாள் இறந்திருப்பதில்லை. இந்த வழக்கத்தை நான் பொதுவாக விரும்புவதில்லை. இவன் ஒருவன் பொருட்டுப் பொறுத்துக்கொள்கிறேன்.

1975இல் லென் வெயினும் டேவ் காக்ரமும் எக்ஸ்-மென் தொடரைப் புதுப்பித்தபோது, முதல் கதையின் பகைவனே ஒரு தீவு. கிரகோவா என்று பெயர். உயிருள்ள தீவு, மனிதரை விழுங்குவது. மாணவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு அவர்தம் ஆற்றலை உறிஞ்சுகிறது. புதிய வீரர்கள் போரிட்டு அத்தீவையே பெயர்த்து விண்வெளிக்குத் தூக்கி எறிகின்றனர். அவர்களுக்கு முன்பே, பயிற்சி நிரம்பாத வேறு சில பிள்ளைகளைச் சேவியர் அங்கே அனுப்பி அவர்கள் மீளவில்லை என்றும், அதனை ஸ்காட்டின் நினைவிலிருந்தே அவர் அழித்துவிட்டார் என்றும் 2006இல் முடிந்த ஒரு கதை வெளிப்படுத்தியது. மாணவரை இழந்ததைவிட அந்நினைவை அழித்ததே பெருங்குற்றம் என்பேன்.

2019இல் ஜொனாதன் ஹிக்மன் எழுதிய புதிய வரலாற்றில் அதே கிரகோவா மீண்டும் வருகிறது. இம்முறை அத்தீவுக்கு டக் ராம்சே செல்கிறான். தீவுக்கும் மொழி உண்டு. அதனைக் கேட்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. வேரும் மண்ணுமாக அது சொல்வதை மற்றவர்க்கு எடுத்துச் சொல்கிறான். மற்றவர் சொல்வதை அதற்குச் சொல்கிறான். அவ்வினத்தார் அனைவரும் குடியேறி வாழ அத்தீவு இடம்தருகிறது. அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழியையும் டக்கே ஆக்கித் தருகிறான். அதன் எழுத்துகள் இதழ்களில் அச்சாயின. நுணுகிப் பார்த்தால் அவை ஆங்கில எழுத்துகளுக்கு இட்ட மாற்றுக் குறிகளே. மொழிநூலார் மகிழ மாட்டார்கள். 2024இல் நிறைவுற்ற அந்த நெடுங்கதையில் போர்களும் சூழ்ச்சிகளும் பல நடந்தன. அவற்றுட் பல என் நினைவில் தங்கவில்லை. தங்கியிருப்பது ஒரு காட்சி. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வல்லவர் பலர் கூடித் தூக்கி எறிந்த அதே தீவின் முன்னே, மரத்துக்குப் பின் ஒளிந்து நின்றவன் என்று ஏளனம் செய்யப்பட்ட அந்தப் பையன் நிற்கிறான். அது பேசுகிறது; அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.